நல்ல தண்ணி

தவசிமுத்து தம்மாமிலிருந்து திரும்பியபோது
ஒரு கைப்பை, ஒரு கம்பளி,
கால்சட்டை மடிப்பில் கொஞ்சம் குப்பை.
துவைக்க எடுத்தவள் நான்.
உதறினால் உமிபோல விழுந்தது,
மெலிசாய், ஓரத்தில் பல் வைத்து.
நாக்கில் வைத்தேன். உப்பு.

"என்ன இது?"
"ரகல். ஒட்டகம் திங்கும்."
நாலு வருஷத்தைப் பற்றி
அவர் சொன்னது அவ்வளவுதான்.

உவரிக் கடல் இங்கிருந்து நாலு மைல்.
கிணற்றுக்குள் அது வந்து ஆறு வருஷம்.
முருங்கை முதலில் நுனி கருகியது,
பிறகு பூ உதிர்த்தது,
பிறகு அடுப்புக்கு வந்தது.
விடியக்காலம் பார்த்தால்
மண்மேல் யாரோ மாக்கோலம் இழுத்துக்
கலைத்துவிட்டுப் போனது மாதிரி வெள்ளை.

அதில் தூவினேன், அந்த உமியை அப்படியே.
உப்பில் வளர்வது உப்பில் முளைக்காதா என்று என் கணக்கு.
பதினெட்டு நாள்.
எறும்புகூட இழுத்துப் போகவில்லை.

மிச்சம் ஒரு கைப்பிடிக்குக் குறைவு.
சுளகில் தேய்த்து உமி பிரித்தேன்.
ஒரு விதையை நகத்தால் பிளந்தபோதுதான் கண்டேன்:
உள்ளே சுருண்டு கிடக்கிறது, மோதிரம்போல,
வெளியே உப்புக் காவல்.
மழை வந்து கழுவும்வரை
கண் திறக்கமாட்டேன் என்கிற பிடிவாதம்.
சரி, மழை நான்.

லாரித் தண்ணி குடம் பன்னிரண்டு ரூபாய்.
ஒரு குடத்தை வாளியில் கவிழ்த்து
விதையைத் துணியில் முடிந்து போட்டேன்.
சாமத்தில் ஒரு தரம் மாற்றினேன்,
விடியுமுன் ஒரு தரம்.
பக்கத்து வீட்டு கிறிஸ்டிபாய் எட்டிப் பார்த்து
"குடிக்கத் தண்ணியில்ல, குப்பைக்கு முழுக்காட்டாக்கும்" என்றாள்.

தேரி மணலில் ஆட்டுப் புழுக்கை பொடித்துக் கலந்து
பால் கவரில் அடைத்தேன், அடியில் மூன்று துளை.
விதைக்கு மேல் நகக்கண் அளவு மணல்,
அதற்கு மேல் மூடினால் மூச்சு முட்டும்.
ஐப்பசியில் போட்டது,
ஒன்பதாம் நாள் இரண்டு முளை,
பன்னிரண்டாம் நாள் பதினேழு.
ஒவ்வொரு இலையும் சாம்பல் பூசி வந்தது,
நெற்றியில் திருநீறு இட்டு
யாரோ அனுப்பிவைத்ததுபோல.

அடுத்த பிழை, பாசம்.
தினமும் தண்ணி விட்டு ஆறைக் கொன்றேன்.
மிச்சம் பதினொன்றை
வெள்ளை பூத்த இடத்திலேயே குழி எடுத்து வைத்தேன்,
ஒரு ஆள் படுக்கிற இடைவெளி விட்டு.
முதல் மாதம் வாரத்துக்கு ஒரு செம்பு நல்ல தண்ணி.
அப்புறம் கிணற்றுத் தண்ணி.
அப்புறம் ஒன்றுமில்லை.
ஆடிக்காற்று தேரியையே தூக்கிவந்து
குழம்புச் சட்டியில் போட்டது.
செடிகள் குனிந்து நின்றன, ஒன்று போயிற்று.

இடுப்புயரம் வருமுன் ஆட்டை விடக்கூடாது.
அது எனக்குத் தெரியும், கருப்பிக்குத் தெரியாது.
கயிற்றை அறுத்துக்கொண்டு போய்
ஒன்றை மொட்டையடித்துவிட்டது.
அழுதேன்.
இருபது நாளில் அந்த மொட்டைதான்
மற்றதைவிட அடர்த்தியாய்த் துளிர்த்தது.
இப்போது அரிவாளோடு நானே போகிறேன்.

வெறும் இலையாகப் போட்டால் கழியும்,
சோளத்தட்டை கலக்கணும்.
தின்று முடித்ததும் நாலு ஆடும் தண்ணிக்கு அலறும்.
கிணற்றுத் தண்ணி காட்டினால் முகத்தைத் திருப்பும்.
செடி மிச்சம் பிடித்ததை
ஆடு குடித்துத் தீர்க்கிறது.
மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில்
கிடா பதினோராயிரத்துக்குப் போனபோது
இந்தக் கணக்கை நான் வெளியே சொல்லவில்லை.

நேற்று பருப்புக்கு உப்பு தீர்ந்திருந்தது.
நாலு கொழுந்து கிள்ளிப் போட்டேன்.
தவசிமுத்து ஒரு வாய் வைத்தார், நிறுத்தினார்.
இலையை விரலால் ஒதுக்கி வட்டில் ஓரத்தில் வைத்தார்.
பிறகு அதையே எடுத்துத் தின்றார்.
"அங்கன மழை வருசத்துக்கு ஒரு நாள் பெய்யும்.
அன்னைக்கு வேலை கிடையாது.
எல்லாரும் வாயத் தொறந்துக்கிட்டு நிப்போம்."

இன்னும் சொல்வார் என்று
அகப்பையோடு நின்றேன்.
தெருமுனையில் லாரி ஹாரன்.
குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.